7 கிலோ பையில் ஸ்கூபா: பாலியிலிருந்து கொமோடோ வரை

செவ்வாய், சென்னை

நாளை இரவு விமானம். கோலாலம்பூர் வழியாக இந்தோனேசியாவின் பாலித் தீவில் இருக்கும் டென்பசார். அங்கிருந்து பஸ், படகு, ஃபெர்ரி என்று கிழக்கே நகர்ந்து ஃப்ளோரஸ் தீவில், கொமோடோ கடலுக்குப் படகு கிளம்பும் லபுவான் பாஜோ வரை போவதாகத் திட்டம். வழியில் எங்கெல்லாம் கடல் நன்றாக இருக்கிறதோ அங்கெல்லாம் இறங்குவேன். பெரிய பெட்டி கிடையாது. முதுகில் 40 லிட்டர் பை ஒன்று மட்டும். மலிவு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் வரம்பு. துணிமணி, மருந்து, சார்ஜர் எல்லாம் போக மிச்சமிருக்கும் எடைக்குள் டைவ் சாமான்கள் அடங்க வேண்டும்.

முழு செட்டையும் தூக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டர், ஆக்டோபஸ் எனும் அதன் உபரி வாய்ப்பகுதி, காற்று மிச்சத்தைக் காட்டும் பிரஷர் கேஜ் எல்லாம் சேர்த்து 2.5 முதல் 3 கிலோ. பிசிடி எனப்படும் காற்றுச்சட்டை 3 கிலோவுக்குக் குறையாது. குளிர் தாங்கப் போடும் 3 மி.மீ. ரப்பர் உடையான வெட்சூட் காய்ந்திருக்கும்போது ஒன்றரைக் கிலோ பக்கம் வரும், ஈரத்தோடு மடித்தால் இன்னும் கனக்கும். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸும் பூட்ஸும் சேர்த்து இன்னொரு 3 கிலோ. பத்தைத் தாண்டிவிட்டது. சிலிண்டரும் மூழ்குவதற்கான ஈயக்கட்டியும் எந்த ஊரிலும் டைவ் சென்டரிலேயே தருவார்கள், அந்தக் கவலை இல்லை.

சித்தி மகன் மதியம் போனில் கேட்டான்: "எல்லாமே அங்க வாடகைக்குக் கிடைக்குமே அக்கா, வெறுங்கையோட போனா என்ன?" நியாயமான கேள்வி. இந்தோனேசியாவில் பல டைவ் சென்டர்களில் சாமான் வாடகை டைவ் கட்டணத்திலேயே சேர்ந்திருக்கும். சொந்தமாகக் கொண்டுபோனால் பணம் மிச்சமாகும் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் மூன்று பொருள்களை நான் யாரிடமும் வாடகைக்கு வாங்குவதில்லை: முகத்தில் உட்காரும் மாஸ்க், என் உடம்பின் கணக்கை வைத்திருக்கும் கம்ப்யூட்டர், தண்ணீருக்கு மேலே என்னைக் காட்டிக்கொடுக்கும் மிதவைக்குழாய். மற்ற எதையும் வாடகைக்கு எடுக்கலாம். எடுக்கும்போது பார்த்து எடுக்க வேண்டும், அதைப் பாலியின் துலாம்பென் போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன்.

மாஸ்க்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். எனக்குப் பார்வை மைனஸ் நாலரை. பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் இல்லாமல் இறங்கினால் கேஜில் முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. கண்ணாடி போடாதவர்களுக்கும் சொல்கிறேன், முகத்துக்கு முகம் வடிவம் மாறும். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தும் விழாமல் நின்றால் அது உங்கள் மாஸ்க். புதிதாக வாங்கியதில் கண்ணாடியின் உட்புறம் தயாரிப்பின்போது படிந்த சிலிக்கோன் படலம் இருக்கும். அதோடு இறங்கினால் பனி மூடிக்கொண்டே இருக்கும். சாதாரண வெள்ளைப் பற்பசையை விரலால் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று முறை. அப்புறம் ஒவ்வொரு டைவுக்கு முன்னாலும் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ போதும். அதற்குச் சின்ன புட்டி ஒன்று எடுத்துக்கொண்டேன், தலைக்கும் அதுவே.

கம்ப்யூட்டர் என்றால் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர். ஆழத்தில் அழுத்தம் கூடக்கூட நாம் சுவாசிக்கும் நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்கிறது. மேலே வந்த பிறகும் மணிக்கணக்கில் மிச்சம் இருக்கிறது. அடுத்த டைவில் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை அந்த மிச்சத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். இன்று ஒரு கடையில் ஒரு கம்ப்யூட்டர், நாளை இன்னொரு ஊரில் இன்னொன்று என்றால், நாளைய கருவிக்கு இன்று நான் இறங்கியதே தெரியாது. நேற்று அதைக் கட்டியிருந்தவரின் கணக்கு வேண்டுமானால் அதில் இருக்கும். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இது உயிர் விஷயம். எடை நூறு கிராம் சுற்றி வரும், கடிகாரம் மாதிரி கையிலேயே கட்டிக்கொண்டு போய்விடலாம்.

மிதவைக்குழாயை டைவர்கள் எஸ்எம்பி என்பார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஆள் உயரத்துக்கு நீளும் நைலான் குழாய். 15 மீட்டர் நூல் சுற்றிய விரல் ஸ்பூலோடு சேர்த்து 300 கிராம்.

இவற்றோடு இன்னும் சில: ரெகுலேட்டரில் மாட்டும் சொந்த மவுத்பீஸ் ஒன்று, அதை இறுக்க இரண்டு ஜிப் டை, விசில், சின்ன டார்ச், ராஷ் கார்டு எனும் முழுக்கை நீச்சல் சட்டை, நீச்சல் லெகிங்ஸ், தலைமூடியோடு வரும் 2 மி.மீ. நியோப்ரீன் (வெட்சூட் ரப்பர்) உள்சட்டை. டார்ச்சின் லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். கத்தியைக் கைப்பையில் விடமாட்டார்கள், அதனால் எடுக்கவில்லை. துவட்டிக்கொள்ள ஈரிழைத் துண்டு, உடை மாற்றக் கைலி. கடற்கரைப் பயணத்துக்கு டர்க்கி டவலைப் போல வீண் சுமை வேறில்லை. சமையலறைத் தராசில் வைத்தேன். டைவ் சாமான் மொத்தமும் இரண்டேகால் கிலோ. பை முழுவதும் ஆறே முக்கால்.

வியாழன், அமெட்

விமான நிலையப் பரிசோதனையில் டார்ச்சை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். பேட்டரியைக் கழற்றித் தனி உறையில் போட்டிருந்ததால் ஒரு நிமிடத்தில் முடிந்தது. மாஸ்க் கடினப் பெட்டியில் இருக்கிறது. அதற்குள் மிச்சமிருந்த இடத்தில் மவுத்பீஸும் கம்ப்யூட்டர் சார்ஜரும். டென்பசாரிலிருந்து பாலியின் கிழக்குக் கரைக்கு இரண்டரை மணி நேரம். இன்றைக்குத் தூக்கம்தான். களைப்போடும் தண்ணீர் குடிக்காத உடம்போடும் டைவ் செய்வது நல்லதில்லை.

வெள்ளி, துலாம்பென்

விடியற்காலையிலேயே துலாம்பென் வந்தாயிற்று. இங்கே கரையிலிருந்து நடந்தே ஒரு கப்பலுக்குப் போய்விடலாம். லிபர்ட்டி என்ற அமெரிக்க ராணுவச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரி 11 அன்று ஐ-166 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி லொம்பொக் நீரிணை அருகே இதை டார்ப்பிடோவால் அடித்தது. இழுத்துக்கொண்டு சிங்கராஜா துறைமுகம் போகப் பார்த்தார்கள், முடியவில்லை, இந்தக் கரையில் தரைதட்ட விட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் கரையிலேயே கிடந்தது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது நிலம் அதிர்ந்து கப்பல் சரிந்து கடலுக்குள் போனது. இப்போது கிட்டத்தட்ட 5 மீட்டர் ஆழத்தில் தொடங்கி 30 மீட்டர் வரை சாய்ந்து கிடக்கிறது.

கரை முழுக்கக் கறுப்பு எரிமலைக் கூழாங்கல். முழங்கால் ஆழத்தில் அலை அடிக்கும்போது காலடியில் கல் உருளும், முதுகில் சிலிண்டர் கனக்கும். வெறுங்காலில் போடும் ஃபின்ஸை எடுத்து வந்திருந்தால் இங்கே திண்டாட்டம்தான். வாடகையில் பூட்ஸும் பட்டை ஃபின்ஸும் வாங்கிக்கொண்டேன். லேசாகக் கிளம்ப நினைப்பவர்கள் ஃபின்ஸை முதலில் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். படகிலிருந்து குதிக்கும் ஊருக்கு ஒரு வகை, கல் கரைக்கு ஒரு வகை. ஒரே ஜோடி இரண்டுக்கும் ஒத்துவராது.

இந்த ஊரில் சிலிண்டர்களைக் கரைக்குச் சுமந்து வருபவர்களில் பெண்கள் நிறைய. தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் சிலிண்டரைப் படுக்க வைத்து, கூழாங்கல்லில் கால் தவறாமல் நடக்கிறார்கள். காற்று நிரம்பிய ஒரு அலுமினியச் சிலிண்டர் 16 கிலோவுக்குக் குறையாது. என் பையைவிட இரண்டு மடங்குக்கு மேல். அவர்களில் மூத்தவர் ஒருவரிடம் "தெரிமா காசி, இபு" (நன்றி, அம்மா) என்றேன். சிரித்துக்கொண்டே என் பிசிடியின் பட்டையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார். அவர்கள் உழைப்பில்தான் நாம் லேசாக நடக்கிறோம். கூலி டைவ் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் தனியாகக் கொடுங்கள்.

சரி, வாடகைச் சாமானைப் பார்த்து வாங்கும் விதம். முதலில் ரெகுலேட்டர். சிலிண்டரில் மாட்டுவதற்கு முன், முதல் நிலையின் (சிலிண்டரில் மாட்டும் பாகத்தின்) வாயைத் தூசி மூடியால் அடைத்துவிட்டு மவுத்பீஸில் மூச்சை இழுங்கள். காற்று வரக்கூடாது. வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, தண்ணீரும் அதே வழியில் வரும். ஹோஸ்களை உலோக முனைக்குப் பக்கத்தில் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு இருந்தால் தெரிந்துவிடும். மவுத்பீஸ் கடிபட்டுக் கிழிந்திருக்கிறதா பாருங்கள். நான் கடைக்காரரைக் கேட்டுவிட்டு என்னுடையதை மாட்டிக்கொள்வேன். வாய் வலிக்காது, சுத்தமும் நம் கையில். சிலிண்டரைத் திறந்த பிறகு, கேஜைப் பார்த்தபடியே நாலைந்து முறை நன்றாக மூச்சு இழுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் இறங்கி ஏறினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். மேலே இருக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். ஆழத்தில் காற்று அடர்த்தியானதும் மூச்சு முட்டும். காற்றை முகர்ந்தும் பாருங்கள். எண்ணெய் வாடையோ புகை வாடையோ இருந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம்.

பிசிடியில் முழுக்கக் காற்றடித்துவிட்டு, வேறு வேலையைப் பார்த்துவிட்டு வந்து அமுக்கிப் பாருங்கள். தொய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். காற்று ஏற்றும் பொத்தான் அமுக்கியதும் உடனே திரும்பி எழ வேண்டும், ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் ஆகும். நல்ல கடையில் இதைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டார்கள்.

இன்னொன்று, எவ்வளவு ஈயம் வேண்டும் என்பதை எழுதி வைத்திருங்கள். 3 மி.மீ. சூட், கடல் நீர், அலுமினியச் சிலிண்டர், இத்தனை கிலோ என்று. அலுமினியச் சிலிண்டர் காலியாக ஆக மிதக்கத் தொடங்கும். டைவ் முடியும் நேரத்தில், மேலேறும் முன் நைட்ரஜன் வெளியேற நிற்கும் 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே தூக்கும். அதையும் சேர்த்துத்தான் ஈயம் கேட்க வேண்டும்.

ஆறரை மணிக்கு இறங்கினோம். கப்பலின் வயிற்றுக்குள் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் அப்போதுதான் எழுந்து கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல். பவளத்தைக் கடித்து நொறுக்கும் சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்டது. திரும்பும் வழியில் மணல் சரிவில் தோட்ட விலாங்குகள் பாதி உடம்பை வெளியே நீட்டி நீரோட்டத்தைப் பார்த்து நின்றன. அருகே போனதும் அத்தனையும் ஒன்றாக மணலுக்குள். நான் மைனஸ் நாலரை மாஸ்க்கோடு கொஞ்சம் தள்ளியே மண்டியிடாமல் மிதந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மறுபடி ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும் வரை.

ஞாயிறு, கிலி ஏர்

அமெட்டிலிருந்து வேகப்படகு. பைகளை மொத்தமாகக் குவித்து வைக்கிறார்கள், அலை தெறிக்கிறது. 20 லிட்டர் தண்ணீர் புகாப் பை ஒன்று இருந்தால் போனும் பாஸ்போர்ட்டும் பத்திரம். பக்கத்துத் தீவான லொம்பொக்கை ஒட்டிய இந்தக் கிலி தீவுகளில் மோட்டார் வண்டி கிடையாது. குதிரை வண்டி, சைக்கிள், நடை. முதுகுப்பைக்காரர்களுக்கு ஏற்ற ஊர்.

நல்ல தண்ணீருக்குத்தான் தட்டுப்பாடு. நான் தங்கிய இடத்தில் குளியலறைக் குழாயிலேயே உப்புக் கரிக்கிறது. மாஸ்க்கையும் உள்சட்டையையும் அதில் அலசிப் பயனில்லை. உப்பு காய்ந்தால் படிகமாகி ஜிப்பையும் பட்டைக் கொக்கியையும் அரிக்கும். டைவ் சென்டர் தொட்டியில் நல்ல தண்ணீர் வைத்திருந்தார்கள். அதிலிருந்து இரண்டு குவளை வாங்கித் தண்ணீர் புகாப் பைக்குள் ஊற்றி, சாமானைப் போட்டு வாயைச் சுருட்டிக் கட்டிக் குலுக்கினேன். அலசியாயிற்று. உள்சட்டையைத் துண்டுக்குள் வைத்துச் சுருட்டி மேலே ஏறி மிதித்தால் பாதி ஈரம் போய்விடும். மிச்சத்தை நிழலில் உட்புறம் வெளியே தெரியக் காயப்போட வேண்டும். வெயில் நியோப்ரீனைக் கெடுக்கும்.

தலைமுடி நீளமானவர்களுக்கு ஒரு வார்த்தை. இறங்குவதற்கு முன் தேங்காய் எண்ணெயை நுனிவரை நன்றாகத் தடவி இறுக்கிப் பின்னிக்கொண்டால் மாஸ்க் பட்டையில் சிக்காது, உப்பில் சடை பிடிக்காது. நெற்றிப் பக்கம் மட்டும் எண்ணெய் வேண்டாம், மாஸ்க் வழுக்கும். சன்ஸ்கிரீனை நான் முகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆக்சிபென்சோன் இல்லாத துத்தநாக வகை. கையையும் காலையும் ராஷ் கார்டும் லெகிங்ஸும் மூடிவிடுகின்றன. பவளத்துக்கும் நல்லது, பையில் ஒரு டியூப் குறைச்சல்.

இன்று ஒரே டைவில் பேராமையும் அழுங்காமையும். பேராமை கடற்புல் மேய்ந்துகொண்டு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தங்கியிருந்த ஒரு ஜோடி நாளைக் காலை ரின்ஜானி மலை ஏறப் போகிறோம் என்றார்கள், இன்று மதியம் டைவ் செய்துவிட்டு. நான் வேண்டாம் என்று உட்கார வைத்துப் பேசினேன். விமானம் ஏறுவதற்கு முன் இடைவெளி விட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது, மலையும் அதே கணக்குதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரின்ஜானி 3,726 மீட்டர். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாக மாறலாம். நம் ஊரிலும் புதுச்சேரியில் டைவ் செய்துவிட்டு அன்றிரவே ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ வண்டியை விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஜோடி மலையை ஒரு நாள் தள்ளிப் போட்டார்கள். எனக்கு அப்போதுதான் நிம்மதி.

செவ்வாய், பஸ்ஸில்

மத்தாரத்திலிருந்து கிழக்கே நீண்ட பஸ். லொம்பொக்கைக் கடந்து, ஃபெர்ரியில் பஸ்ஸோடு ஏறி சும்பாவா தீவு, அதன் மறுகோடியில் சாப்பே துறை, அங்கிருந்து இன்னொரு ஃபெர்ரி. பகலும் இரவுமாக ஓடுகிறது. 7 கிலோ பையின் அருமை இங்கேதான். மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். பின்னால் பெரிய டைவ் பெட்டியோடு வந்தவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

வியாழன், லபுவான் பாஜோ

நேற்று மாலையே டைவ் சென்டருக்குப் போய் ஃபின்ஸ் போட்டுப் பார்த்து, காலுக்குச் சரியாக இறுகிய ஜோடியை என் பெயரில் ஒதுக்கி வைக்கச் சொன்னேன். வேறு எங்கும் இவ்வளவு மெனக்கெட மாட்டேன். கொமோடோவில் ஃபின்ஸ் தளர்வாக இருந்தால் நீரோட்டத்தை எதிர்க்க முடியாது. பசிபிக் பெருங்கடலின் தண்ணீர் இந்தத் தீவுகளுக்கு இடையிலான குறுகிய வழிகளில் புகுந்துதான் இந்தியப் பெருங்கடலுக்குப் போகிறது. அதோடு அலையேற்றமும் சேரும்போது கடல் ஆறாக ஓடுகிறது. அந்த ஓட்டம் கொண்டுவரும் உணவால்தான் இங்கே இவ்வளவு மீன்.

ஆகஸ்டில் கொமோடோ தேசியப் பூங்காவின் வடக்கே தண்ணீர் வெதுவெதுப்பு, தெற்கே போகப் போகக் குளிர். வாடகை 3 மி.மீ. சூட்டுக்குள் என் தலைமூடி உள்சட்டையைப் போட்டதும் போதுமானதாக இருந்தது. அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள அந்தச் சட்டையால் தடித்த சூட்டைச் சுமக்கும் வேலை மிச்சம்.

மூன்றாவது டைவில் எஸ்எம்பி விட வேண்டிவந்தது. வழிகாட்டி ஒன்று விட்டார், அவரிடமிருந்து சற்றுத் தள்ளி நானும் என்னோடு சேர்ந்து இறங்கியவரும். 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம், நீரோட்டம் எங்களைப் பாறையை விட்டுத் தள்ளிக்கொண்டே போனது. குழாயில் கொஞ்சம் காற்று ஊதி, ஸ்பூலை விரலில் பிடித்து விட்டேன். முழுக்க ஊத வேண்டியதில்லை, மேலே போகப் போக அழுத்தம் குறைந்து காற்று தானே விரியும். 10 மீட்டரில் பாதி நிரப்பினால் மேலே முழுக் குழாய். ஸ்பூலை உடம்போடு ஒருபோதும் மாட்டாதீர்கள். நூல் சிக்கினால் குழாய் உங்களையும் இழுத்துக்கொண்டு மேலே போகும். சிக்கினால் ஸ்பூலைக் கையிலிருந்து விட்டுவிட வேண்டும். நாங்கள் தலையை வெளியே தூக்கியபோது படகு எங்களை நோக்கித் திரும்பியிருந்தது.

2008 ஜூனில் இதே கடலில் ஐரோப்பியர்கள் ஐந்து பேர் டைவ் முடிந்து மேலே வந்தபோது படகிலிருந்து வெகுதூரம் அடித்துச் செல்லப்பட்டிருந்தார்கள். ராட்சதக் கொமோடோ பல்லிகள் வாழும் ரிஞ்சா தீவில் கரையேறி, கல்லெறிந்து பல்லியை விரட்டி, சிப்பிகளைத் தின்று உயிர் பிழைத்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தார்கள். அலைக்கு நடுவே ஒரு மனிதத் தலை தெரியாது. 300 கிராம் நைலான் தெரியும். பையில் இடமில்லை என்று இதை விடுகிறவர்களிடம் நான் மறுபடி மறுபடி சொல்வேன், ஒரு சட்டையைக் குறையுங்கள், இதை எடுங்கள்.

மாலைக்கு முன் கராங் மகாசார் என்ற இடத்தில் கொம்புத் திருக்கைகள் (மாண்டா). சிறகு வீச்சு மூன்று மீட்டருக்கு மேல் இருக்கும். சரளை மாதிரி உடைந்த பவளம் பரவிய தரைக்கு மேல் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி, மறுபடி தலைக்கு மேலேயே வந்தன. அசையாமல் தரையோடு ஒட்டி இருந்தால் அவை நெருங்கும். துரத்தினால் போய்விடும்.

சனி, லபுவான் பாஜோ

நேற்று மதியத்தோடு டைவ் முடிந்தது. இன்று கடலில் இறங்கவில்லை. ருத்தெங் போகும் பஸ்ஸை நாளைக்குத் தள்ளினேன், அந்த மலையூர் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. நான் எப்போதும் 24 வைத்துக்கொள்வேன். பயணக் காப்பீட்டிலும் டைவிங் எத்தனை மீட்டர் வரை சேர்ந்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள். அழுத்த அறைச் சிகிச்சை என்றால் செலவு பெரிது. டென்பசாரில் அந்த வசதி உண்டு, ஆனால் போய்ச் சேரவே பல மணி நேரமாகும் இடங்களில்தான் நாம் டைவ் செய்கிறோம்.

மாஸ்க்கை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, காய்ந்ததும் பெட்டிக்குள் வைத்தாயிற்று. கறுப்பு ரப்பர் எதையும் அதோடு சேர்த்து வைக்காதீர்கள், நிறமில்லாத சிலிக்கோன் கறுத்துவிடும்.

சித்தி மகன் நவம்பரில் அந்தமான் போகிறானாம், என்ன எடுக்கட்டும் என்று கேட்கிறான். ஸ்வராஜ் த்வீப் பக்கம் தண்ணீர் வெதுவெதுப்பு, உள்சட்டையை விட்டுவிடு தம்பி. மாஸ்க்கும் எஸ்எம்பியும் கட்டாயம். என் கம்ப்யூட்டரைத் தருகிறேன், அது எப்படி வேலை செய்கிறது என்று வீட்டிலேயே கற்றுக்கொண்டு போ, பயணம் முடியும் வரை வேறு எதையும் கட்டாதே. சென்னைக்கு விமானம் காலை 8 மணிக்கு என்றால் முந்தைய நாள் காலை 8 மணிக்குள் கடைசி டைவை முடித்துவிடு, அன்று மீதி நேரத்தில் ஃபெர்ரி பிடித்துத் தலைநகர் வந்து செல்லுலார் சிறையைப் பார்.